இடத்தோடு பழகும் உடல்: புகையிலையும் தாங்குதிறனும்

நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் நெருப்புக்கு இடமில்லை. பஞ்சுத் துகள் மிதக்கும் கூடத்தில் ஒரு தீக்குச்சி என்ன செய்யும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின் திருப்பூரில் பீடி குடிக்கும் தொழிலாளி, வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து, தேநீர்க் கடையின் ஓரத்தில் நின்றுகொண்டுதான் குடிக்கின்றார். சென்னிமலையிலும் பவானியிலும் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கோ எழுந்து செல்லவும் நேரமில்லை. கையும் காலும் ஓயாமல் இயங்குகின்றன. எதிரே பாவு விரிந்து கிடக்கின்றது. அவர் நெருப்பையே விட்டொழித்து, வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலையைக் கடைவாயில் அடக்கிக் கொள்கின்றார். இவ்வாறு அவரவர் தொழிலுக்கேற்பப் புகையிலைக்கு ஓர் இடமும் ஒரு வேளையும் அமைந்து விட்டன.

இந்த இடமும் வேளையும் வெறும் வசதியைப் பொறுத்தவை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளாக நடந்துள்ள ஆராய்ச்சிகள் வேறொரு செய்தியைக் கூறுகின்றன. ஒரு நஞ்சை எவ்வளவு தாங்குவது என்பதை உடல் தீர்மானிக்கும்போது, உட்கொண்ட அளவை மட்டும் அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எந்த இடத்தில், எந்த வேளையில், எவற்றின் நடுவே உட்கொள்ளப்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ணுகின்றது. புகையிலையை விட விரும்பும் நெசவாளருக்கும், புகையிலையைப் பயிரிடும் குடியானவருக்கும், அதை அறுக்கச் செல்லும் கூலியாட்களுக்கும் இதில் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் உள்ளன.

நஞ்சும் பழக்கமும்

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்து சேர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் இந்தியாவில் வேரூன்றிவிட்ட இச்செடி, ஈரோடு மாவட்டத்துக் கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலும், திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பகுதியிலும், வேதாரண்யத்து மணற்பாங்கிலும் நன்கு பொருந்தி வளர்ந்தது. பிற பயிர்கள் முகம் சுளிக்கும் உப்புத் தண்ணீரையும் இது ஏற்றுக்கொள்ளும். மெல்லும் புகையிலைக்கு அத்தகைய நீர் ஒரு தனிக் காரத்தையும் தருகிறதென்பது விவசாயிகளின் அனுபவம். ராஜமுந்திரியில் 1947-ஆம் ஆண்டு மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது; மறு ஆண்டே, சுருட்டுப் புகையிலையையும் மெல்லும் புகையிலையையும் ஆராய்வதற்கென வேடசந்தூரிலும் ஒரு நிலையம் ஏற்பட்டது. இப்பயிர் நம் பக்கத்தில் எவ்வளவு முக்கியமாயிருந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இலையிலுள்ள வீரியப் பொருளை 1828-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமன் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலையை அனுப்பி வைத்த நிகோ என்னும் தூதரின் பெயரால் அது நிகோடின் எனப்பட்டது. செடிக்கு இது ஒரு காவற்கருவி. இலையைத் தின்ன வரும் பூச்சியின் நரம்புகளை இது முதலில் உசுப்பி, பின் முடக்கிவிடும். புகையிலைக் கஷாயத்தைப் பூச்சிமருந்தாகத் தெளித்தவர்களுக்கு இதன் வேகம் தெரியும். மனித உடலிலும் இது நரம்புகளையே பற்றுகின்றது. புகையாக இழுத்தால் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையைச் சென்று சேர்கின்றது. மென்றால் வாயின் உட்தோல் வழியாக மெதுவாக ஊறுகின்றது. வெற்றிலையோடு சுண்ணாம்பு சேரும்போது எச்சில் காரத்தன்மை அடைகின்றது. அந்நிலையில் நிகோடின் வாயின் தோலை எளிதில் ஊடுருவும். புளிப்புள்ள பானம் அருந்திய வாயில் இந்த ஊடுருவல் குறையும். நம் பாட்டிமார் சுண்ணாம்பைத் தடவியது வேதியியல் நூல் படித்து அன்று. ஆயினும் அவர்கள் கண்ட சேர்மானம் வேதியியலுக்கு மிகவும் இசைந்தது.

முதன்முதலாகப் புகையிலை போட்டவர் எவரும் அந்த நாளை மறப்பதில்லை. தலை சுற்றும், வாயில் நீர் ஊறும், குமட்டும், வியர்த்துக் கொட்டும். அதே மனிதர் ஓராண்டு கழித்து, நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடியை ஊதிவிட்டு ஒன்றுமறியாதவர்போல் நூல் சுற்றிக்கொண்டிருப்பார். இதற்கே தாங்குதிறன் என்று பெயர். அது பல வகைகளில் ஏற்படுகின்றது. மூளையின் நரம்பணுக்களில் நிகோடினை ஏற்கும் வாயில்கள் ஓயாத தாக்குதலால் மரத்துப் போகின்றன. அவற்றின் தொகையும் பெருகுகின்றது. ஈரல் அந்நஞ்சைச் சிதைத்து வெளியேற்றிக்கொண்டேயிருக்கின்றது. சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிகோடின் பாதியாகிவிடும். இரவெல்லாம் உறங்கி எழுந்தவருக்குக் காலையில் குடிக்கும் முதல் பீடியே அதிகம் ஏறுவதன் காரணமும் இதுதான்: ஓய்வு கிடைத்த வாயில்கள் மீண்டும் விழித்துக்கொள்கின்றன.

இவையெல்லாம் நரம்பும் ஈரலும் செய்யும் வேலை. ஆனால் இவற்றால் மட்டும் விளங்காத ஒரு பங்கு எஞ்சி நின்றது.

எலிகளிடம் கற்றது

நாய்க்கு மணியடித்து உணவிட்டு, பின் மணியோசைக்கே அதன் வாயில் நீரூறச் செய்த ருஷ்ய அறிஞர் பாவ்லவின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர் 1927-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தமது நூலில் வேறொரு செய்தியையும் குறிப்பிடுகின்றார். கிரிலோவ் என்னும் ஆராய்ச்சியாளர் நாய்களுக்கு நாள்தோறும் மார்பின் ஊசி போட்டு வந்தார். சில நாட்களுக்குப் பின், ஊசி போடுவதற்கு முன்னரே, ஆயத்தங்களைக் கண்ட மாத்திரத்தில் நாய்களுக்கு எச்சில் ஒழுகிற்று. குமட்டலும் உறக்கமும் வந்தன. மருந்து உள்ளே செல்லவில்லை. மருந்தின் சூழல் மட்டுமே கண்ணிற்பட்டது.

இந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் சென்றவர் கனடா நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஷெப்பர்டு சீகல். மார்பினுக்கு ஏற்படும் தாங்குதிறன் ஓரளவு உடல் கற்றுக்கொள்ளும் பாடமே என்று 1975-இல் அவர் எலிகளைக் கொண்டு காட்டினார். 1982-இல் அவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் கூர்மையானது. எலிகளுக்கு ஹெராயின் என்னும் லாகிரி வஸ்துவைச் சிறிது சிறிதாகப் பழக்கிய பின், இறுதியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவைக் கொடுத்தனர். முன்பின் அதை அறியாத எலிகளில் நூற்றுக்கு 96 மாண்டன. பழகிய எலிகளுக்குப் பழகிய அறையிலேயே கொடுத்தபோது நூற்றுக்கு 32 மாண்டன. அவற்றைப்போலவே பழகிய வேறு எலிகளுக்கு, அவை அம்மருந்தோடு தொடர்புபடுத்தி அறியாத வேறோர் அறையில் கொடுத்தபோது மாண்டவை நூற்றுக்கு 64. மருந்து ஒன்று, அளவு ஒன்று, பழக்கமும் ஒன்று. அறை மாறியதால் சாவு இரட்டித்தது!

சீகல் தந்த விளக்கம் இது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஒரு நஞ்சு வந்து தாக்குமானால், அவ்விடத்தின் தோற்றமும் மணமும் ஓசையும் உடலுக்கு முன்னறிவிப்பாகி விடுகின்றன. நஞ்சு வந்து சேர்வதற்கு முன்பே, அதன் செயலுக்கு எதிரான செயலை உடல் தொடங்கிவிடுகின்றது. வெள்ளம் வருமென்று பறை கேட்டவுடன் கரையை உயர்த்தி வைப்பது போன்றது இது. நஞ்சு வந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். அதையே நாம் தாங்குதிறன் என்கிறோம். பழகாத இடத்தில் முன்னறிவிப்பு இல்லை. கரை உயராமலே வெள்ளம் வந்துவிடுகின்றது.

நிகோடின் இதற்கு விலக்காகுமா? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எப்ஸ்டீன், கஜியூலா முதலியோர் 1980-களின் இறுதியில் இதையே ஆராய்ந்தனர். நிகோடின் ஊசி ஏற்ற எலிக்கு வலி உறைப்பது குறையும். நாட்பட நாட்பட அந்த வலிமரப்பும் குறைந்துகொண்டே வரும். அதாவது தாங்குதிறன் ஏற்பட்டுவிடும். அவ்வாறு பழகிய எலிகளை, வழக்கமாக ஊசி போடும் சூழலில் சோதித்தபோது தாங்குதிறன் முழுமையாகத் தோன்றியது. ஊசியோடு தொடர்பில்லாத சூழலில் சோதித்தபோது அது குன்றியிருந்தது. இந்த ஆராய்ச்சி 1989-இல் வெளிவந்தது. இதனால் தாங்குதிறன் முழுவதும் இடத்தைப் பொறுத்தது என்று கொள்ளலாகாது. நரம்பும் ஈரலும் எங்கே சென்றாலும் உடலோடு சேர்ந்தே செல்கின்றன. அவற்றின் மேல் இன்னொரு பங்கு, பழகிய இடத்தினால் கூடுகின்றது என்பதே இங்குக் கண்டது.

ஒன்றரை ஷிப்டும் ஒரு பீடியும்

இப்போது தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். நஞ்சு வராமலே கரை மட்டும் உயர்ந்தால் என்ன ஆகும்? உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நிகோடினுக்கு எதிரான செயல்கள் தொடங்கிவிட்டன. அவற்றை ஈடுசெய்ய நிகோடினோ வரவில்லை. அந்தச் சாய்வே ஆவலாக, எரிச்சலாக, கைநடுக்கமாக உணரப்படுகின்றது என்பது சீகல் வழிவந்தோர் கருத்து. இதை உளவியலார் யாவரும் ஒருமுகமாக ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. சூழல் ஆவலைத் தூண்டுவதற்கு வேறு காரணம் கூறுவோரும் உண்டு. ஆனால் ஆவல் சூழலால் தூண்டப்படுகின்றது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு என்றால் 12 மணி நேரம். நடுவே தேநீருக்கும் உணவுக்கும் விடும் இடைவேளைகளைத் தவிர மற்ற நேரமெல்லாம் பவர்டேபிளின் முன்னும் கட்டிங் மேசையின் முன்னும் கழிகின்றன. அங்கே புகைக்க இயலாதென்பது உறுதியாகத் தெரிந்திருப்பதால், நாளொன்றுக்கு இருபது பீடி குடிப்பவரும் கூடத்திற்குள் பெரும்பாலும் அதன் நினைவின்றி வேலை செய்கின்றார். மணி அடித்து, வாசலைத் தாண்டி, தேநீரின் ஆவி முகத்தில் பட்டதுமே கை சட்டைப் பையைத் துழாவுகின்றது. இரத்தத்தில் நிகோடின் குறைந்ததே ஆவலுக்கு ஒரே காரணமாயின், கூடத்திற்குள் நேரம் செல்லச் செல்ல ஆவல் சீராக ஏறிக்கொண்டே போகவேண்டும் அல்லவா?

இஸ்ரேல் நாட்டின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் இதை வேறொரு தொழிலில் அளந்து பார்த்தனர். விமானத்தில் புகைபிடிக்கத் தடை உண்டு. புகைபிடிக்கும் வழக்கமுள்ள விமானப் பணியாளர்களிடம், சில மணி நேரப் பயணத்திலும் பத்து மணிக்கு மேற்பட்ட பயணத்திலும், ஆவல் எவ்வளவு என்று அவ்வப்போது கேட்டுக் குறித்தனர். 2010-இல் வெளியான முடிவின்படி, பயணம் நீண்டதா குறுகியதா என்பது ஆவலை அவ்வளவாக நிர்ணயிக்கவில்லை. தரையிறங்கும் நேரம் நெருங்குகிறதா என்பதே நிர்ணயித்தது. அதே குழுவினர் 2005-இல், ஓய்வுநாளன்று நெருப்பைத் தொடாத வைதிக யூதர்களை ஆராய்ந்தனர். வார நாளில் ஒரு வேளை பீடியின்றி இருக்கச் சொன்னால் தவித்தவர்கள், ஓய்வுநாளில் அவ்வளவு தவிக்கவில்லை.

இச்செய்திக்காக நாம் இஸ்ரேல் வரை செல்ல வேண்டியதில்லை. கார்த்திகை மாதத்தில் ஐயப்பனுக்கு மாலையணிந்தவர்களைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஓயாமல் ஊதியவர், மண்டல விரதம் முடியும்வரை பீடியைத் தொடுவதில்லை. நோன்பு மாதத்தில் இஸ்லாமியத் தொழிலாளர்களும் விடியல் முதல் மாலை வரை அவ்வாறே இருக்கின்றனர். இவர்களைப் பார்த்து, புகையிலைக்கு உண்மையில் எவரும் அடிமையல்லர், மனவுறுதி ஒன்றே போதும் என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். நாம் அதை ஏற்பதற்கில்லை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய சில நாட்களுக்குள் எத்தனை பேர் அதே கடையின் அதே பெஞ்சிக்குத் திரும்புகின்றனர் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இதற்கும் ஒரு விளக்கம் உண்டு. ஒருவர் கற்ற பழக்கம், நாட்கள் கடந்ததனால் மட்டும் அழிவதில்லை. அதே சூழலில், அதே தேநீரை, பீடியின்றிப் பலமுறை அருந்தினால்தான் தேநீர் பீடிக்கு முன்னறிவிப்பு என்னும் பாடம் தளர்கின்றது. ஆனால் அந்தத் தளர்ச்சியும் ஓர் இடத்தைச் சார்ந்தது என்று அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்து பௌட்டன் என்பார் பல ஆண்டுகள் விலங்குகளை ஆராய்ந்து காட்டியுள்ளார். ஒரு சூழலில் கற்றதை வேறொரு சூழலில் மறக்கச் செய்தாலும், பழைய சூழலில் கொண்டுவந்து விட்டால் பழைய பாடம் உயிர்த்தெழுகின்றது. விரதகாலத்தில் கறுப்பு வேட்டியும் கழுத்து மாலையும் ‘சாமி’ என்னும் அழைப்பும் சேர்ந்து ஒரு தனிச் சூழலாகின்றன. அச்சூழலில் பீடி வேண்டாம் என்று உடல் கற்றுக்கொள்கின்றது. மாலையைக் கழற்றியவுடன் அந்தச் சூழலும் கழன்றுவிடுகின்றது.

ஹெராயினைப் பற்றிய ஒரு பெரிய சான்றும் இங்கே நினைக்கத்தக்கது. வியத்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் ஐவரில் ஒருவர் அங்கே அந்த லாகிரிக்கு அடிமைப்பட்டதாகத் தாமே கூறினர். 1971-இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்னும் பெண்மணி தொடர்ந்து ஆராய்ந்தார். அடிமையாயிருந்தோரில், ஊர் திரும்பிய முதல் ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு 5 பேர் அளவே. அவர்கள் விட்டுவந்தது அந்த நாட்டை. அந்நாட்டோடு அதன் தெருக்களையும் துணைவர்களையும் அச்சத்தையும் விட்டுவந்தனர். பீடியோ அவ்வாறு ஒரு நாட்டோடு நிற்பதன்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வேலைக்கு வரும் இளைஞர், மண்ணும் மொழியும் மாறினாலும், சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கும் கைனியையும் அதைப் பகிர்ந்துகொள்ளும் அறைத் தோழர்களையும் உடன் கொண்டுவந்து விடுகின்றனர்.

நெடுநாள் நிறுத்தியிருந்தவர் மீண்டும் தொடங்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஓய்ந்திருந்த நாட்களில் நரம்பின் தாங்குதிறன் குறைந்துவிடுகின்றது. ஆனால் கையின் பழக்கமோ பழைய அளவையே எடுக்கின்றது. ஒரு பெரிய துண்டுப் புகையிலையைப் பழையபடி அடக்கிக்கொண்டு பாவோடிக்கு வருபவருக்குத் தலைசுற்றும். மோட்டார் சைக்கிளில் ஏறுபவருக்கும் ஓடும் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கும் அந்த ஒரு நிமிடமே விபத்துக்குப் போதும்.

பச்சை இலையின் நோய்

இதுவரை கூறியது புகையிலையை வேண்டி உட்கொள்வோரைப் பற்றி. வேண்டாமலே உட்கொள்வோரும் உள்ளனர். அவர்களைப் பற்றி நம் பக்கத்தில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது நம் குறை.

புகையிலை ஐப்பசி கார்த்திகையில் நடப்பட்டு, தை மாசியில் அறுவடையாகின்றது. நடுவே நுனியைக் கிள்ளவேண்டும். பக்கச் சிம்புகளை ஒவ்வொன்றாக ஒடிக்கவேண்டும். கையில் கரும்பிசின் ஒட்டிக்கொள்ளும். அவை பனி கொட்டும் நாட்கள். விடியற்காலையில் தோட்டத்திற்குள் நுழைந்தால் சேலையும் வேட்டியும் நனைந்துவிடும். நிகோடின் நீரில் கரையும். ஈரத்தோல் வழியே உடலுக்குள் ஊறும். புகையிலை இலையின்மேல் தங்கிய பனிநீரை அமெரிக்காவில் சோதித்தபோது, 100 மில்லிலிட்டரில் 9 மில்லிகிராம் வரை நிகோடின் இருந்தது. ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் செல்வது 1 முதல் 1½ மில்லிகிராம்தான் என்பதை இதனோடு ஒப்பிடுக. அறுத்த செடிகளைத் தோளிலும் தலையிலும் சுமப்போருக்கு முதுகு முழுவதும் அந்த ஈரம் படிகின்றது. வெயில் ஏறிய பின் வியர்வையும் சூடும் தோலின் இரத்த ஓட்டத்தைப் பெருக்கி, ஊறுதலை இன்னும் விரைவாக்குகின்றன.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி, கடுஞ்சோர்வு, வயிற்று நோவு. இவை வேலையின்போதே தோன்றும் என்பதில்லை. பல மணி நேரம் கழித்து, வீடு திரும்பி இரவு படுத்த பின்னும் தோன்றும். ஆகையால் வெயில் தாக்கிற்று என்றும், உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், கண்ணேறு என்றும் கூறி விட்டுவிடுவார்கள். ஓரிரு நாட்களில் தானே தணிந்துவிடுவதால் எவரும் பொருட்படுத்துவதுமில்லை. இதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்று பெயர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1970-இலும், வட கரோலினாவில் 1974-இலும் மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினர். 1992-இல் கென்டக்கி மாநிலத்தில் இந்நோயால் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் விவரத்தை அந்நாட்டு அரசின் நோய்த்தடுப்பு மையம் மறு ஆண்டு வெளியிட்டது. நம் நாட்டில், ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தினர் 1970-களின் இறுதியிலிருந்தே புகையிலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து, அவர்களது சிறுநீரில் நிகோடினைக் கண்டறிந்துள்ளனர். கையுறை அணிவதால் அது குறைவதையும் காட்டினர்.

இந்நோய் யாரை அதிகம் பற்றுகின்றது? புகைபிடிப்போரும் மெல்லுவோரும் அவ்வளவாக வீழ்வதில்லை. வட கரோலினாவில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களிடையே நடந்த ஆராய்ச்சியிலும், புகையிலை பழக்கமில்லாதவர்களும் நனைந்த உடையோடு வேலை செய்தவர்களுமே அதிகம் துன்புற்றனர். இதைக் கேட்டதும், ‘அப்படியானால் அறுவடைக்கு முன் இரண்டு பீடி குடித்துவிட்டுப் போகலாமே’ என்று கூறும் வாய்ச்சாலகர் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருப்பார். பழகியவர் உடலில் நஞ்சு குறைவாக இல்லை; வாய் வழியாகவும் தோல் வழியாகவும் சேர்ந்து அதிகமாகவே உள்ளது. குமட்டலுக்கு உடல் பழகிக்கொள்ளும். இதயத் துடிப்பும் இரத்தக் குழாயின் இறுக்கமும் அந்த அளவுக்குப் பழகுவதில்லை. வாயிலும் நுரையீரலிலும் புற்றுநோயை விளைக்கும் பொருள்களுக்கோ எவ்வுடலும் தாங்குதிறன் பெறுவதே இல்லை.

ஆகவே நோயின் சுமை, புகையிலையைத் தொடாத பெண்கள் மீதும், விடுமுறையில் தோட்டத்திற்கு வரும் பிள்ளைகள் மீதுமே விழுகின்றது. கருவுற்ற பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. நிகோடின் தாயின் இரத்தத்திலிருந்து கருவையும் சென்றடையும். இவர்களைப் பனி ஈரத்தோடு புகையிலைக்குள் இறக்குவதை எந்தப் பண்ணையமும் நிறுத்தியாக வேண்டும். மற்றவர்களும் பனி உலர்ந்த பின் இறங்கினால் போதும். ஒரு மணி நேரம் தாமதிப்பதால் இலை கெட்டுவிடாது. முழுக்கைச் சட்டையும், சுமக்கும்போது தோளின்மேல் நீர் புகாத விரிப்பும், கையுறையும் தேவை. நனைந்த துணியைக் களத்திலேயே மாற்றிக்கொண்டு, சோப்பிட்டுக் கைகால் கழுவவேண்டும். இவற்றுக்காகும் செலவு ஓர் ஆளின் இரண்டு நாள் கூலிக்கு மேற்படாது.

மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் பச்சைப் புகையிலையைக் கையாண்டதை மறவாமல் கூறவேண்டும். இதன் அறிகுறிகள் சில பூச்சிமருந்துகளின் நஞ்சேற்றத்தைப் பெரிதும் ஒத்தவை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. பருத்திக்கும் காய்கறிக்கும் மருந்தடிக்கும் அதே காலத்தில் புகையிலையும் அறுபடும் ஊர்களில், இந்த ஒரு வார்த்தை சொல்லப்படாததனால் மருத்துவர் தவறாக எண்ண இடமுண்டு.

விட விரும்புவோருக்கு

2016-17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. தமிழ்நாட்டில் ஐவருக்கு ஒருவர். பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் உள்ள தடை, ஒரு வகையில் மேற்கூறிய ஆராய்ச்சிகளோடு ஒத்துப்போகின்றது. பேருந்து என்றால் பீடி இல்லை, அலுவலகம் என்றால் பீடி இல்லை என்று உடலும் கற்றுக்கொள்கின்றது. பீடிக்குரிய இடங்கள் சுருங்குகின்றன. சுருங்கிய இடங்களின் இழுப்பு மட்டும் வலுத்துவிடுகின்றது என்பது தேநீர்க் கடையில் கண்கூடு.

விட எண்ணுபவர் தம் நாளைத் தாமே ஒரு முறை நடந்து பார்ப்பது நன்று. எந்த இடத்தில், எவருடன், எதை அருந்தியபின் கை தானாக நீள்கின்றது? பெரும்பாலோருக்கு மூன்று நான்கு இடங்களுக்கு மேல் இரா. முதல் சில வாரங்களில் அவ்விடங்களை மாற்றிவிடுவது எளிது: இடைவேளையில் வேறு கடை, தேநீருக்குப் பதில் மோர், நிற்பதற்குப் பதில் நடை. தறியில் அமர்ந்து மெல்லுபவர் வெற்றிலைப் பையைத் தறிக்கூடத்திற்கு வெளியே வைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. வெற்றிலையும் சுண்ணாம்பும் பாக்கும் புகையிலைக்கு முன்னறிவிப்புகளாகிவிட்டபடியால், ‘வெறும் வெற்றிலை மட்டும்’ என்னும் ஏற்பாடு பெரும்பாலும் நிலைப்பதில்லை. பாக்கும் வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமாவதால், அந்த ஏற்பாடு நிலைத்தாலும் பயனில்லை.

ஆனால் இடத்தை மாற்றியதோடு நின்றால், விரதம் முடித்தவர் கதையாகிவிடும். சில வாரங்கள் சென்று உடல் அடங்கிய பின், பழைய பெஞ்சிக்கே, புகைக்காத ஒரு துணைவரோடு சென்று, பீடியின்றித் தேநீர் குடித்துத் திரும்பவேண்டும். ஒருமுறை அன்று, பலமுறை. ஊதியம் வாங்கிய சனிக்கிழமை மாலையிலும், மழை நாளிலும், மனம் கசந்த நாளிலும் அவ்வாறே செய்து பார்க்கவேண்டும். ஏனெனில் உடல் இவற்றையும் தனித்தனிச் சூழல்களாகவே குறித்து வைத்துள்ளது. ஆவல் எழுந்தால் அது தணிய நெடுநேரம் ஆவதில்லை. சில நிமிடங்கள் பொறுத்தால் போதும். நிகோடின் கலந்த மெல்லும் பசையையும் தோலில் ஒட்டும் பட்டையையும் மருத்துவர் ஆலோசனைப்படி பயன்படுத்தலாம். பட்டை ஒட்டியவர் சாயப்பட்டறை போன்ற சூடான இடங்களில் வேலை செய்தால் அதை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்கவேண்டும். சூட்டில் அதிலிருந்து நிகோடின் ஊறுவது அதிகமாகும்.

புகையிலையை விடுவதற்குத் துணை புரியும் மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. நம் சங்கங்களில் பொதுக்குழுவின்போதும் கூலி பட்டுவாடாவின்போதும் அங்கத்தினர்கள் ஒருங்கே கூடும் கூடத்தின் சுவரில் இவ்வெண்ணைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைக்கலாம். அறுவடை நாட்களில் கடனுக்கு உரமும் சாக்கும் வழங்கும் விவசாயச் சங்கங்கள், அதே பட்டியலில் ஒரு ஜோடி கையுறையையும் சேர்க்கலாம்.